மூன்றாம் ஓலைக்கு முன்

அண்ணா, இது அம்மாவின் கடிதம். எழுதுவது மட்டும் நான், பிலோமி. அம்மா சொல்வதில் ஒன்றையும் விடாமல், ஒன்றையும் கூட்டாமல், உள்ளதை உள்ளபடி எழுதுவதாக அவளுக்கு வாக்குக் கொடுத்திருக்கிறேன். அவள் பேச்சில் சொல்வதை நீ வாசிக்க வாகாக எழுத்தில் மாற்றிக்கொள்கிறேன். ஆனால் யார் என்ன பேசினார்கள் என்று அவள் சொல்லும் இடங்களில் அந்தப் பேச்சை அப்படியே போடுவேன். நான் ஏதாவது சொல்ல வேண்டி வந்தால் அடைப்புக்குறிக்குள் சொல்கிறேன். இனிமேல் ‘நான்’ என்று வந்தால் அது அம்மா.

லாரன்சு ஐயா, உன் கடிதம் வந்து சேர்ந்தது. மெட்ராசில் மழை விடவில்லை, அறை ஒழுகுகிறது, இருமல் போகவில்லை என்று எழுதியிருந்தாய். சுக்கும் மிளகும் தட்டிப் போட்டுக் குடி. கடைசியில், அப்பா தைத்த போர்வையைத் துவைத்துக் காயவைத்துக் கல்யாணத்துக்கு எடுத்து வை என்று கேட்டிருந்தாய். நம் வீட்டின் நல்ல நாள் எல்லாம் அதில் இருக்கிறது, கட்டிக்கொள்ளப் போகிற செலினுக்கு ஒவ்வொரு துண்டாகக் காட்டிச் சொல்ல வேண்டும் என்றும் எழுதியிருந்தாய். பிலோமி அந்த வரியை வாசித்தபோது நான் சாளை மீன் கழுவிக்கொண்டிருந்தேன். கையைக்கூட அலசாமல் அப்படியே உட்கார்ந்துவிட்டேன். அவளுக்கு நீ என்னவென்று சொல்லப் போகிறாய் என்று யோசித்தேன். உன் கல்யாணம் நடக்குமா நடக்காதா என்பது இந்தக் கடிதத்துக்குள் இருக்கிறது. அதனால் பாதியில் மடித்து வைக்காதே. இதை நான் ஒட்டியும் அனுப்பப் போவதில்லை. வழியில் யார் எடுத்து வாசித்தாலும் வாசிக்கட்டும். நம் வீட்டு விஷயம் வெளியே தெரியக் கூடாது என்று இத்தனை வருடம் வாயை மூடிக்கொண்டு இருந்து நான் கண்டது போதும்.

அந்தப் போர்வை எப்படி வந்தது என்று உனக்குத் தெரியும். ஆனாலும் செலினுக்குச் சொல்வது போல உனக்குச் சொல்கிறேன். உன் அப்பா தோணியில் போனவர். கொழும்புக்கு ஓடும் தோணிகளில் பாய் கிழிந்தால் தைப்பதற்கு அவரைப் போலக் கை கிடையாது என்று துறைமுகத்தில் எல்லோரும் சொல்வார்கள். கார்த்திகை மார்கழியில் கடல் பொங்கினால் தோணி நங்கூரத்தில் கிடக்கும், அவர் வீட்டில் கிடப்பார். மற்ற வீட்டுப் பெண்கள் வாடைக்காற்று வந்தால் புருஷன் பக்கத்தில் இருப்பான் என்று சந்தோஷப்படுவார்கள். எனக்கு வானம் கறுத்தாலே பயம். ஒதுக்கிப் போட்ட பாய்த்துணியில் ஒரு துண்டை விரித்து, என் பழைய சேலைகளை மடித்து மடித்து அதன்மேல் அடுக்கி, கோணூசியும் மெழுகு போட்ட நூலும் வைத்து அவர் தைக்க ஆரம்பித்ததுதான் அந்தப் போர்வை. பாய் தைக்கும்போது உள்ளங்கையில் ஒரு தோல்பட்டை மாட்டிக்கொள்வாரே, நடுவில் இரும்புத் தகடு பதித்தது, ஊசியைத் தள்ளுவதற்கு. அதை மாட்டிக்கொண்டு அவர் தைக்க உட்கார்ந்தால் வீடே அமைதியாகிவிடும். அவர் எப்போது தைக்க உட்காருவார் என்பதை மட்டும் நீ மறந்துவிட்டாய்.

வலது மூலையில் இருக்கும் வெள்ளைத் துண்டு உன் ஞானஸ்நானத்து உடை. அன்றைக்குப் பந்தியில் உன் பெரியப்பா உன்னைத் தூக்கிவைத்துக்கொண்டு, “ஏலே, மூக்கு முழி எல்லாம் அவ அண்ணன்மாரு மாதிரில்லா இருக்கு, ஒன் சாடை ஒண்ணையும் காணுமே” என்று கேலி செய்தார். எல்லோரும் சிரித்தார்கள், உன் அப்பாவும் சிரித்தார். விருந்தாளிகளை வாசல்வரை போய் வழியனுப்பினார். திரும்பி வந்து கதவைச் சாத்தித் தாழ்ப்பாள் போட்டார். “ஊருக்கு முன்னால என்னயச் சிரிக்க வச்சிட்டல்லா” என்று சொல்லிக்கொண்டே தோணிக்கயிற்றால் அடித்தார். பிள்ளை பெற்ற உடம்பு. நீ என் மடியில் இருந்தாய். உன்மேல் விழாமல் இருக்க நான் குனிந்தேன், அடி எல்லாம் முதுகில் விழுந்தது. பிறகு முடியைப் பிடித்துத் தூக்கி முகத்தில் குத்தினார். மூக்கிலிருந்து இரத்தம் கொட்டி உன் வெள்ளைச் சட்டையெல்லாம் சிவந்தது. மறுநாள் விடியலில் எழுந்து பார்க்கிறேன், கிணற்றடியில் அந்தச் சட்டையை அவரே துவைத்துக்கொண்டிருக்கிறார். கருப்பட்டிக் காப்பி போட்டு எனக்கு ஊற்றிக் கொடுத்தார். கறை போகாத பக்கத்தை வெட்டிப் போட்டுவிட்டு, போன பக்கத்தைப் போர்வையில் வைத்துத் தைத்தார். வாயால் ஒரு சொல் சொல்லவில்லை. தைக்கிறாரே, அதுதான் மன்னிப்பு என்று நான் எடுத்துக்கொண்டேன்.

நடுவில் இருக்கும் பாக்கெட், நீ முதன்முதல் நற்கருணை வாங்கியபோது போட்ட புதுநன்மைச் சட்டையில் உள்ளது. அந்த நாள் உனக்கே நினைவிருக்கும். தலையில் பூமுடி, கையில் மெழுகுதிரி, கோயிலிலிருந்து ராஜா மாதிரி நடந்து வந்தாய். வாசலில் கால் இடறி மெழுகுதிரி உடைந்துவிட்டது. உன் அப்பா அதற்குள் குடித்திருந்தார். “மொத நாளே திரிய ஒடச்ச பய வெளங்குவானாலே” என்று உன் கழுத்துப்பட்டையைப் பிடித்து இழுத்துக்கொண்டு போய்க் குசினிக் கதவு நிலையில் தலையை மோதினார். ஒரு தடவை இல்லை. நான் குறுக்கே விழுந்தேன், என்னை உதைத்துத் தள்ளிவிட்டு மறுபடி மோதினார். உன் புருவத்தில் இருக்கும் தழும்பு அதுதான். நீ விளையாட்டில் விழுந்தேன் என்று எல்லோரிடமும் சொல்வாய், செலினிடமும் அப்படித்தான் சொல்லியிருக்கிறாய். மறுநாள் உன்னைத் தோளில் வைத்துக்கொண்டு கடைத்தெருவுக்குப் போய் மக்ரூன் வாங்கிக் கொடுத்தார், பட்டம் வாங்கிக் கொடுத்தார். சாயங்காலம் மழை பிடித்துக்கொண்டது. அவர் பாக்கெட்டைத் தைக்க, நான் கடலை வறுக்க, நீ மக்ரூனை ஓரம் ஓரமாகக் கடித்துக்கொண்டு, தலையில் கட்டோடு அவர் முட்டில் சாய்ந்து உட்கார்ந்திருந்தாய். அப்போது நீ கேட்டாய், “எப்போவ், இன்னொரு நா அடிச்சீருன்னா சைக்கிள் வாங்கித் தருவீரா?” அவர் விழுந்து விழுந்து சிரித்தார். நானும் சிரித்தேன். பிள்ளை சூட்டிகையாகப் பேசுகிறான் என்று பக்கத்து வீட்டில் போய்ச் சொல்லவும் செய்தேன்.

(அம்மா இங்கே நிறுத்தி, அடுப்பில் உலை கொதிக்கிறதா என்று பார்த்துவிட்டு வந்தாள். கொதிக்கவில்லை. அடுப்பே இன்னும் பற்ற வைக்கவில்லை.)

பச்சைச் சேலைத் துண்டைப் பற்றி எழுதச் சொல்கிறேன். அது புயல் வந்த வருடம். பிலோமி அப்போது சின்னப்பிள்ளை, நீ பெரிய பள்ளிக்கூடத்தில் படித்துக்கொண்டிருந்தாய். கடல் தெருவரைக்கும் வந்துவிட்டது, தோணி ஒன்றும் நகரவில்லை. வீட்டில் மண்ணெண்ணெய் தீர்ந்து நான் கடைக்குப் போனேன். மழை ஊற்றியது. கடை அண்ணாச்சி, பாவம், வயதான மனுஷன், “நனையாத தாயி, இதப் போட்டுக்க” என்று ஒரு சாக்கைக் கொடுத்தார். அதைத் தலையில் போட்டுக்கொண்டு வீட்டுக்குள் நுழைந்தேன். உன் அப்பா பாய்த்துணி தைத்துக்கொண்டிருந்தார், கையில் தோல்பட்டை இருந்தது. “யாரு சாக்கு எளா இது?” என்றார். சொன்னேன். எழுந்து போய்க் கதவைத் தாழ்ப்பாள் போட்டார். தோல்பட்டையைக் கழற்றாமலே அறைந்தார். தகடு காதில் பட்டது. தலைக்குள் ஏதோ உடைந்த மாதிரி இருந்தது, அப்புறம் இடது காதில் கடல் இரைச்சல் மட்டும் கேட்டது. இன்றைக்கும் அதுதான் கேட்கிறது. கீழே விழுந்த பிறகும் மிதித்தார். நீ மீன் வெட்டும் கத்தியை எடுத்துக்கொண்டு முன்னால் வந்து நின்றாய். “அம்மைய விடும்! இன்னும் ஒரு அடி அடிச்சீருன்னா குத்திருவேன்” என்றாய். உன் குரல் உடைந்திருந்தது. “குத்துலே பாப்பம், ஆம்பளயா நீ” என்று அவர் நெஞ்சைக் காட்டிக்கொண்டு வந்தார். நீ குத்தவில்லை. கத்தியைப் பிடுங்கி எறிந்துவிட்டு உன்னை அவர் அடித்த அடியில் உன் கை நாள் கணக்கில் தூக்கமுடியாமல் கிடந்தது. பிலோமி அந்தப் போர்வைக்குள் ஒளிந்துகொண்டு, சத்தம் வராமல் இருக்க அதன் ஓரத்தைக் கடித்துக்கொண்டிருந்தாள். பல் பட்ட இடத்தில் நூல் இன்றைக்கும் பிரிந்திருக்கிறது.

கத்தியோடு நீ நின்றதை நான் மறக்க மாட்டேன். என் பிள்ளை இவரைப் போல வரமாட்டான் என்று அந்த நிமிஷம் நினைத்தேன். ஆனால் மறுநாள் நடந்ததையும் நான் சொல்ல வேண்டும். கிழிந்த என் பச்சைச் சேலையில் ஒரு துண்டை வெட்டி எடுத்துக்கொண்டு அவர் தைக்க உட்கார்ந்தார். அடுப்பில் பனங்கிழங்கு வெந்துகொண்டிருந்தது, அவரே வாங்கிவந்தது. வெளியே காற்று, உள்ளே கதகதப்பு. நீ அடிபடாத கையால் நூலை எடுத்துப் பல்லில் கடித்து மெழுகு தேய்த்து, ஊசியில் கோத்து, “இந்தாரும்பா” என்று நீட்டினாய். அவர் ஏதோ தோணிக்கதை சொன்னார், நீ சிரித்தாய். உன்னைக் குற்றம் சொல்லவில்லை ஐயா, பிள்ளைக்கு அப்பன் வேண்டாமா? நம் வீட்டில் நல்ல நாள் என்றால் அது அடி விழுந்த மறுநாள்தான். வேறு நல்ல நாளை நான் உனக்குக் காட்டவில்லை. அடிப்பது தப்பு என்று நீ கற்றுக்கொண்டாய். அடித்த பிறகு எல்லாம் சரியாகிவிடும் என்பதையும் கூடவே கற்றுக்கொண்டாய்.

இனி உன் நிச்சயதார்த்தத்துக்கு வருகிறேன்.

(நான், “அம்மா, இது வேண்டாமே, அண்ணன் வருத்தப்படுவாவ” என்றேன். “எழுதுளா. ஒன் ஒதடு கிழிஞ்சதுக்கு எவன் வருத்தப்பட்டான்?” என்றாள். எழுதுகிறேன்.)

புன்னைக்காயலிலிருந்து செலினின் அண்ணன்மார் வந்திருந்தார்கள். சாப்பிட்டு முடித்து வெற்றிலை போட்டுக்கொண்டிருக்கும்போது மூத்தவர் பிலோமியைப் பார்த்து, “ஏளா, ஒங்க அண்ணன் படிப்புல எப்படி?” என்று கேட்டார். இவள் சும்மா இருக்கிறவளா? “கணக்குல ரெண்டு தடவ முங்கி, மூணாவது முங்குல கரையேறிட்டாவ” என்றாள். முத்துக் குளித்த பரம்பரைக்காரர்கள், அந்தச் சிரிப்பு சிரித்தார்கள். நீயும் சிரித்தாய். அவர்களைப் பஸ் ஏற்றிவிட்டு வந்தாய். நான் பின்னால் பாத்திரம் தேய்த்துக்கொண்டிருந்தேன். தாழ்ப்பாள் விழுகிற சத்தம் கேட்டது. எனக்கு ஒரு காதுதான், ஆனால் அந்தச் சத்தத்தை நான் தூக்கத்திலும் கண்டுபிடிப்பேன். ஓடி வருவதற்குள் அவள் அலமாரியில் மோதிக் கீழே கிடந்தாள், வாயெல்லாம் இரத்தம். “பொண்ணு வீட்டுக்காரவ முன்னால எம் மானத்த வாங்குதியா?” என்று நீ மறுபடி கையை ஓங்கினாய். நான் இருவருக்கும் நடுவில் வந்து நின்றேன். நீ கையை இறக்கிவிட்டு வெளியே போனாய்.

சத்தியமாகச் சொல்கிறேன், அன்றைக்கு நான் பயப்படவில்லை. அண்ணன் தங்கச்சி, கோபம், இளரத்தம் என்று மனதைத் தேற்றிக்கொண்டேன். மறுநாள் காலையில் நீ சிரித்த முகத்தோடு வந்து, தங்க நிற மூடி போட்ட மைப் பேனாவை அவள் கையில் வைத்து, “படிக்கிற புள்ளைக்கு நல்ல பேனா வேணும்லா” என்று தலையைத் தடவினாய் பார், அப்போதுதான் எனக்குப் பயம் வந்தது. இவள் வீங்கின உதட்டோடு, “நல்லா இருக்குண்ணே” என்று சொன்னாள். அவள் குரலில் என்னைக் கேட்டேன். நீ மெட்ராசுக்குப் போன பிறகும் எனக்குத் தூக்கம் வரவில்லை. செலினை நீ அடிப்பாய் என்று நான் சாபம் போடவில்லை. அடித்தால் மறுநாள் என்ன செய்வாய் என்று எனக்குத் தெரியும், அவள் அதை மன்னிப்பு என்று எடுத்துக்கொள்வாள் என்றும் தெரியும். அதுதான் பயம்.

கோயிலில் உங்கள் இரண்டு பேர் பெயரையும் இரண்டு ஞாயிறு ஓலை வாசித்தாகிவிட்டது. இவர்கள் கல்யாணத்துக்குத் தடை ஏதும் தெரிந்தவர்கள் வந்து தெரிவிக்க வேண்டும் என்று ஒவ்வொரு தடவையும் சாமியார் வாசிக்கிறார். பெண்கள் பக்கத்தில் முக்காட்டைப் போட்டுக்கொண்டு உட்கார்ந்திருந்தேன். இரண்டாவது தடவை அந்த வார்த்தை என்னைப் பார்த்துக் கேட்ட மாதிரியே இருந்தது. உன் கடிதமும் வந்தது. மூன்றாவது ஓலை வாசித்துவிட்டால் அப்புறம் நான் என்ன சொல்லியும் பிரயோசனம் இல்லை. அதனால் நேற்று போர்வையை ஒரு வேட்டியில் மூட்டையாகக் கட்டிக்கொண்டு, பிலோமியையும் கூட்டிக்கொண்டு, ஆத்தூர் வழியாகப் போகும் பஸ்ஸில் புன்னைக்காயலுக்குப் போனேன்.

செலின் கிறிஸ்துமஸ் நட்சத்திரத்துக்கு மூங்கில் குச்சியைக் கட்டிக்கொண்டிருந்தாள். கை முழுக்கப் பசை. “வாங்க மாமி” என்று எழுந்தாள். நான் உட்காராமலே போர்வையை விரித்தேன். நீ காட்ட ஆசைப்பட்ட மாதிரியே ஒவ்வொரு துண்டாகக் காட்டினேன். உனக்கு இப்போது சொன்னதை எல்லாம் அவளுக்குச் சொன்னேன். கடைசியில் பிலோமியின் உதட்டையும் காட்டினேன். செலினின் அம்மாவுக்கு ஆத்திரம் வந்துவிட்டது. “கல்யாணத்துக்கு முன்னால வந்து பெத்த மவனையே ஏசுத மாமியாள இப்பத்தான் பாக்கேன். செத்துப் போன மனுசன் கதையெல்லாம் எங்களுக்கு எதுக்கு? பந்தலுக்குச் சொல்லியாச்சு!” என்று கத்தினாள். “பந்தலுக்கு என்னம்மா, மழைக்கு நாம ஒதுங்கிக்கிடலாம், நீ சும்மா இரு” என்றாள் செலின். அந்த நேரத்திலும் பிலோமிக்குச் சிரிப்பு வந்துவிட்டது. பிறகு செலின் பிலோமியின் பக்கத்தில் போய் உட்கார்ந்தாள்.

“ரெம்ப வலிச்சுதா?”

“ஒதடு வலிச்சுது மைனி. பேனாவத் தொட்டா இப்பவும் ஒரு மாதிரி வருது. பெட்டிக்குள்ள போட்டு வச்சிருக்கேன்.”

செலின் பசைக் கையோடு நட்சத்திரத்தின் குச்சியைத் திருகினாள். “அவுக எங்கிட்ட சிரிச்ச முகமாத்தான் பேசினாக” என்றாள். பிறகு என்னைப் பார்த்துச் சொன்னாள்: “மாமி, நான் மாட்டேன்னு சொல்லல. மூணாவது ஓலைய வாசிக்க வேண்டாம்னு நானே போயி சாமியார்ட்டச் சொல்லுதேன். அவுக இங்கன வரட்டும். பிலோமியும் இருக்கணும், எங்க அண்ணன்மாரும் இருக்கணும். இவ ஒதட்டுல என்ன செஞ்சேன்னு அவுக வாயாலயே சொல்லட்டும். பேனா, சேலை, போர்வை, பூ ஒண்ணும் கொண்டாரக் கூடாது. வெறுங்கையோட வரணும். அதுக்குப் பொறவு நான் சொல்லுதேன்.” அவள் அம்மா தலையில் அடித்துக்கொண்டு அழுதாள். செலின் அழவில்லை. எங்கள் முன்னாலேயே முக்காட்டைப் போட்டுக்கொண்டு சாமியார் பங்களாவுக்கு நடந்தாள். நாங்கள் பஸ்ஸுக்குக் காத்திருக்கும்போது திரும்பி வந்து, சொல்லிவிட்டேன் என்று தலையை ஆட்டினாள்.

ஆகவே இந்த ஞாயிற்றுக்கிழமை உங்கள் பெயரை இங்கேயும் புன்னைக்காயலிலும், இரண்டு கோயிலிலும் வாசிக்க மாட்டார்கள். ஊர் கேட்கும். உன் பெரியப்பா இதற்குள் வந்து வாசலில் நின்று என்னை ஏசிவிட்டுப் போய்விட்டார். “பெத்த வயிறா இது?” என்றார். இந்த வயிறுதான் என்றேன். போர்வை திரும்பி வந்துவிட்டது. வாடை அடிக்கிறது, நானும் பிலோமியும் அதைத்தான் போர்த்திக்கொள்கிறோம். அது கதகதப்பாக இல்லை என்று நான் பொய் சொல்ல மாட்டேன். ஆனால் அதை உன் கட்டிலுக்குத் தரமாட்டேன்.

உனக்கு நான் சொல்ல வேண்டியது கொஞ்சம்தான். கோபம் எல்லோருக்கும் வரும், கடலில் போகிறவன் மகனுக்குக் கொஞ்சம் கூடுதலாகவே வரும். வந்தால் கதவைச் சாத்தாதே. தெருவில் நின்று கத்து, ஊர் பார்க்கட்டும், நாலு பேர் வந்து கையைப் பிடிக்கட்டும். நாலு பேர் முன்னால் சிரித்துவிட்டு உள்ளே வந்து தாழ்ப்பாள் போடாதே. தப்பு செய்தால் கையால் எதையும் செய்து சமாதானம் பண்ணாதே. வாயைத் திறந்து, இன்னது செய்தேன் என்று சொல். உன் அப்பா அதை ஒருநாளும் சொல்லவில்லை. கொழும்பில் காய்ச்சலில் கிடந்தபோதுகூட எனக்குச் சீட்டித் துணிதான் கொடுத்தனுப்பினார். அந்தத் துணி வந்து சேருவதற்கு முன்பே அவர் செத்த சேதி வந்துவிட்டது. அவர் வாயால் அதைக் கேட்க எனக்கு எவ்வளவு ஆசை இருந்தது என்று உனக்குத் தெரியாது.

லீவு கேட்டுக்கொண்டு வா. ரயிலை விட்டு இறங்கினால் வீட்டுக்கு வா, புன்னைக்காயலுக்கு மூவரும் சேர்ந்து போவோம். வழியில் கடைத்தெருவில் நின்று எதையும் வாங்காதே. அங்கே நீ பேசும்போது பிலோமி பாதியில் எழுந்து போனால் போக விடு, கையைப் பிடித்து இழுக்காதே. செலின் வேண்டாம் என்று சொன்னால், சரி என்று சொல்லிவிட்டு வா. அவள் அண்ணன்மார் உன்னை அடித்தால் திருப்பி அடிக்காதே. யார் என்ன சொன்னாலும் அன்று ராத்திரி நம் வீட்டில் உனக்குச் சோறு இருக்கும். வராமல் இருந்துவிடாதே. நீ வராவிட்டால் அந்தப் பெண் தப்பித்துக்கொள்வாள், என் மகன்தான் தப்பிக்க மாட்டான்.

(அவ்வளவுதான் என்று அம்மா சொல்லிவிட்டாள். நான் முதலிலிருந்து வாசித்துக் காட்டினேன். ஒரு இடத்தையும் மாற்றச் சொல்லவில்லை. மத்தியானமே மழை இருட்டில் லைட்டைப் போட்டுக்கொண்டு உட்கார்ந்தோம். இப்போது மழை விட்டு வெளியே வெளிச்சமாக இருக்கிறது. அம்மா தபாலாபீஸ் மூடுவதற்குள் போய்வர வேண்டும் என்று செருப்பைத் தேடுகிறாள். லைட்டை அணைத்துவிட்டேன்.)